மின்சாரம் போய் வந்ததும் லாகில் நேரம் பின்னால் போகிறது: டிஎஸ்3231, 12 கருவிகள்

குளிர்ப்பதிவு

வணக்கம். குளிரறைகளின் வெப்பநிலையை இரவும் பகலும் பதிவு செய்யும் கருவி ஒன்றுக்கு நிரல் எழுதிப் பராமரித்து வருகிறேன். ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலர், டிஎஸ்3231 ஆர்டிசி (மின்சாரம் போனாலும் பேட்டரியில் நேரத்தை எண்ணும் கடிகாரச் சிப்) மாட்யூல், எஸ்டி கார்டு, அவ்வளவுதான். கார்டில் உள்ள லாகில் (பதிவுக் கோப்பில்) 10 நொடிக்கு ஒரு வரி: தேதி, நேரம், வெப்பநிலை. மொத்தம் 12 கருவிகள் ஓடுகின்றன.

இரண்டு தொல்லைகள். முதலாவது, எப்போதாவது ஒரே ஒரு வரி மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. 13:59:50-க்கு அடுத்த வரி 13:00:00. அதற்கு அடுத்தது 14:00:10, தானாகவே சரியாகிவிடுகிறது. வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு திடீரென்று வரும்.

இரண்டாவது இன்னும் மோசம். மின்சாரம் போய் வந்த பிறகு இரண்டு கருவிகளில் தேதி பழைய நாளுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே நாள், அதே நேரம்: மார்ச் 14, மாலை 4:22. பேட்டரியை மாற்றினேன். ஒன்று சரியானது. மற்றொன்று இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே மார்ச் 14-இல் போய் நிற்கிறது.

மருந்து வைக்கும் அறைகள் இவை. எந்த நேரத்தில் சூடு ஏறியது, எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று யாராவது கேட்டால் இந்த லாக்தான் பதில். சிப்பையே மாற்ற வேண்டுமா?

துடிப்பு32768

சிப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு விஷயம் சொல்லுங்கள். நேரத்தை எப்படிப் படிக்கிறீர்கள், ஒரே மூச்சிலா, தனித்தனியாகவா? கருவி இயங்கத் தொடங்கும்போது ஆர்டிசியை உங்கள் நிரல் என்ன செய்கிறது?

குளிர்ப்பதிவு

படிப்பது தனித்தனியாக. மணியைப் படித்துக் கார்டில் எழுதும், பிறகு நிமிடத்தைப் படித்து எழுதும், பிறகு நொடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன்.

தொடக்கத்தில், "மின்சாரம் முழுமையாகப் போயிருந்ததா?" என்று ஆர்டிசிக்கான லைப்ரரியிடம் (ஆயத்த நிரல் தொகுப்பிடம்) கேட்கிறேன். ஆம் என்றால் நிரலைக் கம்பைல் செய்த (கணினியில் இயங்கு வடிவத்துக்கு மாற்றிய) தேதியையும் நேரத்தையும் ஆர்டிசியில் எழுதிவிடுகிறேன். லைப்ரரியோடு வரும் உதாரண நிரலில் அப்படித்தான் இருந்தது.

துடிப்பு32768

சரி, இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதல் தொல்லை. 13:59:59 முடியப் போகிறது. நீங்கள் மணியைக் கேட்கிறீர்கள், சிப் 13 என்கிறது. அதைக் கார்டில் எழுதுகிறீர்கள். அந்தச் சில மில்லி நொடிக்குள் மணி மாறிவிட்டது. இப்போது நிமிடத்தைக் கேட்டால் 00, நொடியைக் கேட்டால் 00. மூன்றையும் ஒட்டினால் 13:00:00. சிப் மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அந்த மூன்றும் ஒரே கணத்தின் உண்மை அல்ல.

இதைச் சமாளிக்கும் ஏற்பாடு டிஎஸ்3231-க்குள்ளேயே இருக்கிறது. ஐ2சி பஸ்ஸில் (மைக்ரோகன்ட்ரோலரும் சிப்பும் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிகளில்) ஸ்டார்ட் சைகை வந்தவுடன் அது தன் நேரத்தை ஒரு தனி இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலிலிருந்து உங்களுக்குத் தருகிறது. உள்ளே கடிகாரம் ஓடினாலும் நகல் அசையாது. ஒரே பரிமாற்றத்தில் நொடி முதல் ஆண்டு வரை 7 பைட்டுகளையும் தொடர்ந்து படித்தால் எல்லாம் ஒரே கணத்துக்கு உரியவை. நீங்கள் மூன்று பரிமாற்றம் செய்கிறீர்கள், ஆகவே மூன்று நகல், மூன்று கணங்கள். 7 பைட்டையும் முதலில் நினைவகத்துக்குக் கொண்டு வாருங்கள், கார்டில் எழுதுவதெல்லாம் அப்புறம்.

நான் சொல்வது சரியா என்று நீங்களே சோதிக்கலாம். இது மணி மாறும்போது மட்டும் நடக்காது, நிமிடம் மாறும்போதும் நடக்கும். 09:41:59-இல் நிமிடத்தைப் படித்து, நொடியைப் படிப்பதற்குள் நிமிடம் மாறினால் 09:41:00 என்று விழும். ஒரு மணிக்குள் நிமிடம் 60 முறை மாறுகிறது. ஆகவே ஒரு மணி நேரம் பின்னால் போன வரிகளைவிட ஒரு நிமிடம் பின்னால் போன வரிகள் உங்கள் லாகில் பல மடங்கு இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள்.

குளிர்ப்பதிவு

தேடினேன். ஒரே ஒரு கருவியின் ஒரு மாத லாகில் மட்டும் 9 இடங்கள். 09:41:50, அடுத்து 09:41:00, அடுத்து 09:42:10, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி. வரைபடத்தில் ஒரு நிமிடப் பிசகு கண்ணில் படாததால் இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கிறது. மிக்க நன்றி அண்ணா. படிக்கும் ஃபங்ஷனை இன்றே மாற்றுகிறேன்.

நிழல்ரெஜிஸ்டர்

வெளிச் சிப் இல்லாமல் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஆர்டிசியைப் பயன்படுத்துபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே நேர ரெஜிஸ்டரை (சிப்புக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடத்தை) படித்ததும் தேதியின் நிழல் ரெஜிஸ்டர், அதாவது நகல், பூட்டிக்கொள்ளும், தேதியைப் படித்த பிறகுதான் பூட்டுத் திறக்கும். நேரத்தை மட்டும் படித்துவிட்டுத் தேதியைப் படிக்காமல் விட்டால் மதிப்புகள் உறைந்து நிற்கும். தேதி தேவையே இல்லை என்றாலும் படித்துத் தூக்கிப் போடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நேரம், பிறகு தேதி. நான் மாற்றிப் படித்து இரண்டு நாள் இழந்திருக்கிறேன்.

துடிப்பு32768

இப்போது மார்ச் 14. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஎஸ்3231-இன் நிலை ரெஜிஸ்டரில் 7-ஆம் பிட்டுக்கு ஓஎஸ்எஃப் என்று பெயர். கடிகாரத்தை ஓட்டும் துடிப்பைத் தரும் ஆஸிலேட்டர் ஒருமுறை நின்றுவிட்டால் அந்தப் பிட் 1 ஆகும். பிறகு ஆஸிலேட்டர் நன்றாக ஓடினாலும், நாம் போய் 0 எழுதும் வரை அது 1-ஆகவே இருக்கும். இடையில் என் ஓட்டம் தடைப்பட்டது, நான் காட்டும் நேரத்தை நம்பாதே என்று சிப் நம்மிடம் சொல்ல இருக்கும் ஒரே வழி அது. பிசிஎஃப்8563 என்ற ஆர்டிசியில் இதே வேலையை நொடி ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட் செய்கிறது, அங்கே அதன் பெயர் விஎல். டிஎஸ்1307-இல் அதே இடத்தில் சிஎச் பிட் இருக்கிறது. அது ஆஸிலேட்டரை நிறுத்தி வைக்கும் பிட், முதல் முறை மின்சாரம் வரும்போது 1-ஆக இருக்கும்.

உதாரண நிரல் என்ன செய்கிறது? அந்த ஓஎஸ்எஃப் பிட்டைப் பார்க்கிறது. 1 என்றால் கம்பைல் நேரத்தை எழுதுகிறது, எழுதியதோடு பிட்டையும் 0 ஆக்கிவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து முதல் முறை நிரலை ஏற்றும்போது இது நல்ல ஏற்பாடு, கம்பைல் செய்து சில நொடிகள்தானே ஆகியிருக்கும். ஆனால் கருவி வெளியே போய் ஓராண்டு கழித்து பேட்டரி தீர்ந்து மின்சாரமும் போய் வந்தால், அதே வரி என்ன செய்கிறது பாருங்கள். பொய்யான நேரத்தை எழுதி, அது பொய் என்பதற்கான ஒரே சாட்சியையும் அழிக்கிறது. உங்கள் நிரல் மார்ச் 14 மாலை 4:22-க்குக் கம்பைல் ஆகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சிப் 2000 ஜனவரி 1, 00:00:00-இலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும். லாகில் 2000 என்று பார்த்ததும் முதல் நாளே பிடித்திருப்பீர்கள். மார்ச் 14 உண்மையான நாள் போலவே இருப்பதால் எத்தனை வரிகள் அப்படி விழுந்தன என்பதே இப்போது யாருக்கும் தெரியாது.

ஆகவே தொடக்கத்தில் ஆர்டிசியில் எதையும் எழுதாதீர்கள். ஓஎஸ்எஃப்-ஐப் படியுங்கள். 1 என்றால் "நேரம் உறுதி இல்லை" என்று ஒரு குறி வைத்துக்கொண்டு, அந்தக் குறியோடே வரிகளை எழுதுங்கள். ஒரு மனிதர் நேரத்தைச் சரி செய்யும்போது மட்டும் அந்தப் பிட் 0 ஆகட்டும்.

குளிர்ப்பதிவு

கம்பைல் நேரம் சரிதான், பழைய கோப்பில் பார்த்தேன், 4:22. ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது அண்ணா. நேரம் உறுதி இல்லை என்று எழுதினால் அந்த வரிகளால் யாருக்கு என்ன பயன்? மின்சாரம் போய் வந்த அந்த நேரத்தில்தானே அறை சூடாகும்? அந்த வரிகள்தான் அதிகம் தேவைப்படுபவை.

துடிப்பு32768

மிகச் சரியான கேள்வி. நேரம் தெரியாவிட்டாலும் வரிசையும் இடைவெளியும் தெரியும், அவற்றை விடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் சேருங்கள்: கருவி இதுவரை எத்தனை முறை தொடங்கியிருக்கிறது, இந்தத் தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி ஆகிறது, வரியின் தொடர் எண். தொடக்க எண்ணை, மின்சாரம் போனாலும் அழியாத இஇபிராம் நினைவகத்தில் வையுங்கள்.

இப்போது பேட்டரி தீர்ந்த கருவி 57-ஆவது முறையாகத் தொடங்குகிறது, நேரம் தெரியாமல் 6 மணி நேரம் எழுதுகிறது. பிறகு ஒருவர் வந்து நேரத்தைச் சரி செய்கிறார். அந்தக் கணத்தில் "57-ஆம் தொடக்கத்தின் 21,600-ஆவது நொடி என்பது இந்தத் தேதி, இந்த நேரம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். கழித்துப் பார்த்தால் முந்தைய 6 மணி நேரத்து வரிகள் எல்லாவற்றுக்கும் உண்மையான நேரம் கிடைத்துவிடும். மார்ச் 14 முறையில் இப்படிப் பின்னால் போய்த் திருத்தவே வழி இல்லை.

மில்லி நொடிக் கணக்கை அப்படியே எழுதாதீர்கள். 32 பிட் மில்லி நொடி எண்ணி 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நொடிகளைத் தனியாக எண்ணுங்கள். டிஎஸ்3231-இன் எஸ்கியூடபிள்யூ காலில் 1 ஹெர்ட்ஸ் துடிப்பை வெளியே எடுத்து இன்டரப்டில் எண்ணினால் இன்னும் நல்லது. அந்தக் கால் ஓப்பன் டிரெய்ன் (கீழே மட்டும் இழுக்கும், தானாக மேலே ஏற்றாது), புல்-அப் மின்தடை இல்லாமல் ஒன்றும் வராது.

இணையநேரம்

இவ்வளவு சுற்றுவது எதற்கு? வைஃபை உள்ள சிப் வைத்து என்டிபி மூலம் இணையத்திலிருந்து நேரம் எடுத்தால் ஆர்டிசியே தேவை இல்லையே.

துடிப்பு32768

இணையம் இருக்கும் இடத்தில் என்டிபி மிக நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மின்சாரம் திரும்பி வரும்போது ரவுட்டரும் அப்போதுதான் எழுந்து கொண்டிருக்கும். அந்த முதல் சில நிமிடங்களுக்குக் கருவியிடம் நேரம் இல்லை. சில சமயம் இணைப்பு நாள்கணக்கில் வராது. இஎஸ்பி32 போன்ற வைஃபை சிப்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போது இயல்பாக உள்ளே இருக்கும், கிரிஸ்டல் இல்லாத ஆர்சி ஆஸிலேட்டரை வைத்துத்தான் நேரம் எண்ணுகின்றன. வெப்பநிலை மாறினால் அதன் வேகமும் மாறும், கிரிஸ்டலோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆர்டிசி நேரத்தைப் பிடித்து வைத்திருக்கட்டும், என்டிபி அவ்வப்போது அதைத் திருத்தட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நிம்மதி.

மின்பலகை

நிரல் பக்கம் பேசி முடித்துவிட்டீர்கள். இரண்டு மாதத்தில் பேட்டரி ஏன் தீர்ந்தது என்று யாரும் கேட்கவில்லையே. சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. டிஎஸ்3231 பேட்டரியில் ஓடும்போது 3 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால்கூட 73,000 மணி நேரம், அதாவது 8 ஆண்டுகள். மின்சாரம் இருக்கும்போது பேட்டரியிலிருந்து பெரிதாக எதையும் எடுக்காது. இரண்டு மாதத்தில் தீர்ந்தது என்றால் காரணம் வேறு.

உங்கள் மாட்யூலில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டயோடும் 200 ஓம் மின்தடையும் தொடராக இருக்கிறதா பாருங்கள். பரவலாகப் புழங்கும் டிஎஸ்3231 மாட்யூல்களில் இருக்கும். அது சார்ஜ் ஏற்றும் பாதை, எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏறும் பேட்டரிக்காக வைத்தது. மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032-ஐப் போட்டால் இரவும் பகலும் அதற்குள் மின்சாரம் தள்ளப்படும். பேட்டரி கெடும், உப்பும், கசியவும் செய்யும். எல்ஐஆர்2032-க்கும் அது நல்லதல்ல: முழு சார்ஜ் 4.2 வோல்ட், இந்தப் பாதையில் அதற்கு மேல் போகிறது. அந்த மின்தடையைக் கழற்றிவிட்டு சிஆர்2032 போடுங்கள். மாட்யூலை 3.3 வோல்ட்டில் ஓட்டினாலும் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. பேட்டரியை மாற்றும்போது கருவியின் மின்சாரத்தை அணைக்காதீர்கள். அணைத்துவிட்டுப் பழையதை எடுத்தால் சிப்புக்கு எந்தப் பக்கமும் மின்சாரம் இல்லை, நேரம் போய்விடும். புதிய பேட்டரியைப் போட்டதும் ஓடிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். வெறும் பேட்டரியை முதல் முறை இணைக்கும்போது ஆஸிலேட்டர் தொடங்காது, முதன்மை மின்சாரம் வந்த பிறகுதான் தொடங்கும்.

குளிர்ப்பதிவு

இருக்கிறது, டயோடும் மின்தடையும். எடுத்த பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்தால் ஆடுகிறது, நடுவில் உப்பியிருக்கிறது. 5 வோல்ட்தான் கொடுக்கிறேன். 12 கருவிகளிலும் மின்தடையைக் கழற்றப் போகிறேன்.

பனிமானி

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் குளிரறைதான், மைனஸ் 20 டிகிரி. மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஆர்டிசியோடு வெளியே சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மேசையில் மாதத்துக்கு அரை நிமிடம் கூடப் பிசகாதது, அறைக்குள் வைத்தால் மாதம் 3 நிமிடம் பின்தங்குகிறது. கிரிஸ்டல் கெட்டதா?

மின்பலகை

கெடவில்லை, அதன் இயல்பே அதுதான். இந்தக் கிரிஸ்டல் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டது, 25 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டத்தில்தான் அதன் வேகம் உச்சம். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் மெதுவாகத்தான் போகும், வேகம் கூடவே கூடாது. குறைவது வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப, ஒரு டிகிரி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 0.034 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). உங்கள் வேறுபாடு 45 டிகிரி. 45 × 45 × 0.034 போட்டால் 69 பிபிஎம் வருகிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே நாளுக்கு ஏறக்குறைய 6 நொடி, மாதத்துக்கு 3 நிமிடம். நீங்கள் அளந்தது கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது.

டிஎஸ்3231-இன் அருமை இங்கேதான். கிரிஸ்டலும் வெப்பநிலை உணரியும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. 64 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம், மைனஸ் 40 முதல் 85 வரை 3.5 பிபிஎம். உங்கள் அறையில் மாதத்துக்கு ஏறக்குறைய 9 நொடிக்குள் அடங்கும். சிப்பின் பெயரில் கடைசியில் எம் என்ற எழுத்து இருந்தால் அது வேறு வகை, அதில் கிரிஸ்டலுக்குப் பதில் மெம்ஸ் ரெசனேட்டர் (சிலிக்கானில் செய்த நுண் அதிர்வி) இருக்கும், 5 பிபிஎம். அதுவும் உங்களுக்குப் போதும்.

உள் ஆர்டிசியையே வைத்துக்கொள்ள வேண்டுமானால், அறையின் வெப்பநிலை ஏறக்குறைய நிலையாக இருப்பதால் 69 பிபிஎம்-ஐ அளவுதிருத்த ரெஜிஸ்டரில் எழுதிவிடலாம். எஸ்டிஎம்32-இல் ஒரு படி 0.954 பிபிஎம். பிசகை அளக்கக் கிரிஸ்டலின் காலில் அலைக்காட்டியின் முனையை வைக்காதீர்கள். முனையின் மின்தேக்குத்திறனே அதிர்வெண்ணை மாற்றும், சில சமயம் ஆஸிலேட்டரையே நிறுத்திவிடும். 1 ஹெர்ட்ஸ் வெளியீட்டை எடுத்து ஜிபிஎஸ் ரிசீவரின் ஒரு நொடித் துடிப்போடு ஒப்பிடுங்கள்.

நிழல்ரெஜிஸ்டர்

ஆர்டிசியில் எந்த நேரத்தை வைக்கிறீர்கள், உள்ளூர் நேரமா? நான் எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசி வைக்கிறேன். கோடையில் கடிகாரத்தை மாற்றும் ஊருக்கு ஒரு கருவி போனால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும், அப்போது லாக் குழம்பும். திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்கினால் போதும். ஏவிஆர் (ஏடிமெகா328 வகை) பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஏவிஆர் சி லைப்ரரியின் நேரக் கணக்கு 2000-இலிருந்து தொடங்குகிறது, யூனிக்ஸ் நேரம் 1970-இலிருந்து. நடுவே 94,66,84,800 நொடி. கூட்ட மறந்தால் 30 ஆண்டு பிசகும்.

குளிர்ப்பதிவு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 7 பைட்டையும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கிய பிறகு பின்னால் போன வரி ஒன்றுகூட இல்லை, 12 கருவிகளிலும் தேடிப் பார்த்தேன். 11 கருவிகளில் மின்தடையை எடுத்துவிட்டேன். எடுக்காமல் இருந்த ஒன்றில் போன வாரம் மின்சாரம் போய் வந்தபோது "நேரம் உறுதி இல்லை" என்று திரையில் வந்திருக்கிறது. அங்கே இருந்தவர் பார்த்ததும் தொலைபேசியில் சொன்னார். மின்சாரத்தை அணைக்காமலே பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரி செய்து, பின்னால் இருந்த 4 மணி நேரத்து வரிகளுக்கும் நேரம் கணக்கிட்டுக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு கருவியில் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் டைமர்) ரீசெட் ஆன பிறகு ஆர்டிசி பதிலே சொல்லவில்லை. மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் சரியானது. ஓஎஸ்எஃப் 0, நேரமும் சரியாக இருந்தது.

துடிப்பு32768

நேரம் சரியாக இருந்ததால் ஆர்டிசி நன்றாகத்தான் ஓடியிருக்கிறது, மாட்டிக்கொண்டது ஐ2சி பஸ். ஆர்டிசி ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் மைக்ரோகன்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகிவிட்டது. அனுப்பிக்கொண்டிருந்த பிட் 0 என்றால் ஆர்டிசி எஸ்டிஏ என்ற தரவுக் கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடியே அடுத்த கிளாக் துடிப்புக்காகக் காத்திருக்கும். புதிதாக எழுந்த மைக்ரோகன்ட்ரோலர் பஸ் வேறு யாரிடமோ இருக்கிறது என்று அதுவும் காத்திருக்கும்.

தொடக்கத்தில் ஐ2சி-யை இயக்குவதற்கு முன் எஸ்டிஏ தாழ்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஸ்சிஎல் (கிளாக்) காலைச் சாதாரண வெளியீடாக வைத்து 9 துடிப்புகள் வரை கொடுங்கள், எஸ்டிஏ விடுபட்டதும் ஒரு ஸ்டாப் சைகை. அதற்குப் பிறகு வழக்கம்போல ஐ2சி-யைத் தொடங்கலாம்.

குளிர்ப்பதிவு

சேர்த்துவிட்டேன். படிக்கும்போது வேண்டுமென்றே நடுவில் ரீசெட் செய்து 200 முறை சோதித்தேன். 31 முறை எஸ்டிஏ தாழ்ந்து மாட்டியிருந்தது, 31 முறையும் 9 துடிப்புக்குள் விடுபட்டது. நாளை பன்னிரண்டாவது கருவியின் மின்தடையைக் கழற்றப் போகிறேன்.